பறக்கும் நர்ஸும் பார்க்காத ஏலக்காயும்

அத்தியாயம் 4

குட்டிக்கானம் வளைவில் ஜீப் புகை விட்டு நின்றது. சின்னையன் இறங்கி பானெட்டைத் திறந்தான்.

"ஏனுங்கண்ணா, இந்த ஏலக்காயத் தேடற வேலைய உட்டுப்போட்டு நாம பேசாம ஏலக்காய் யாவாரம் பண்ணிரலாமுங்க. தேடறவனுக்குத்தான் கெடைக்கமாட்டீங்குது. விக்கறவனுக்காவது கெடைக்குமல்லோ?"

"மொதல்ல ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்து. உன்ற வாய்க்கு அப்புறம் ஊத்திக்கலாம்" என்றார் குப்பண்ணன்.

நல்லேப்பிள்ளி குப்பண்ணன் துப்பறிய வருவதற்கு முன் மாட்டு இன்சூரன்ஸில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். செத்துப் போனதாகச் சொல்லி இன்சூரன்ஸ் வாங்கிய எருமைகள் பக்கத்து ஊரில் தெம்பாகப் பால் கறந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே பேர் வாங்கினார். பேர் அளவுக்கு மீறிப் போய்விட்டதால் வேலை போயிற்று. சின்னையன் முதலமடையில் மாங்காய் லாரி ஓட்டியவன். லாரி ஒருநாள் கால்வாயில் இறங்கிப் படுத்துக்கொண்டதில் இருந்து குப்பண்ணனுக்கு அசிஸ்டெண்ட். சம்பளத்துக்குக் கணக்கு உண்டு, பேச்சுக்குக் கிடையாது.

இப்போது கையில் இருந்த கேஸ் இதுதான். பீர்மேட்டில் மேலே தேயிலை, கீழே ரப்பர் என்று இரண்டும் வைத்திருக்கும் ஒரு எஸ்டேட் கம்பெனி, ரப்பர் மரங்களுக்கு மருந்து தெளிக்க பம்பாயில் இருந்து ஒரு ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்திருந்தது. மருந்து தெளித்து முடிந்த பிறகும் வாடகைக் காலம் முடியவில்லை. சும்மா நிற்கிற மெஷினைப் பார்த்து சேர்மனுக்கு ஒரு யோசனை தோன்றியது. தொழிலாளர்களுக்குப் பறக்கும் ஆஸ்பத்திரி! மந்திரி வந்து ரிப்பன் வெட்டினார். வெட்டிய கத்தரிக்கோல் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இரவல் வாங்கியது, இன்னும் திரும்பி வரவில்லை. டிஸ்பென்சரி நர்ஸ் கத்தரீனாளுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, 'பறக்கும் நர்ஸ்' என்று பேப்பரில் போட்டோவும் போட்டார்கள்.

தொழிலாளர்களுக்கான பறக்கும் ஆஸ்பத்திரியில் முதலில் பறந்தது மேனேஜர் வீட்டு அம்மாவின் கடைவாய்ப் பல். இரண்டாவது மேனேஜர் வீட்டு அல்சேஷன் நாய், பிரசவத்துக்கு. மூன்றாவதாகத்தான் கொழுந்து கிள்ளும் அழகுத்தாய். பிரசவ வலி வந்து, பிறகு வலி நின்று, பிள்ளை இறங்காமல் கிடந்தாள். மழையில் ரோடு சரிந்து ஜீப் போக வழியில்லை. கோட்டயம் பக்கம்தான் என்றாலும் சேர்மனின் மச்சான் ஆஸ்பத்திரி கட்டியிருப்பது சித்தூர்ப் பக்கம் என்பதால், கம்பெனி விதிப்படி ஹெலிகாப்டர் மலையெல்லாம் தாண்டி வடக்கே போயிற்று.

போன ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய், முதலமடையில் மருதாத்தாளின் மாந்தோப்பில் கிளையை முறித்துக்கொண்டு இறங்கியது. அங்கேயே மரத்தடியில் கத்தரீனாள் பிரசவம் பார்த்தாள். தாயும் பெண் குழந்தையும் பிழைத்துக்கொண்டார்கள். எல்லாரும் கும்பிட வேண்டிய இடத்தில் மேனேஜர் ஒரு புகார் எழுதினார்: அழகுத்தாய் படுத்திருந்த பக்கம் சொன்ன எடையைவிடப் பத்துக் கிலோ கூட இருந்தது என்று பைலட்டே சொல்கிறார், நோயாளியைக் கட்டிப் படுக்க வைத்தது நர்ஸ், ஆகவே நர்ஸ் நோயாளிக்கு அடியில் ஏலக்காய் ஒளித்துக் கடத்தினாள், சரக்கை வழியில் தள்ளிவிட்டாள்.

அந்த ஏலக்காயைக் கண்டுபிடித்துத் தரத்தான் குப்பண்ணனை அமர்த்தியிருந்தார்கள். சேர்மனும் நல்லேப்பிள்ளிக்காரர், அந்தப் பழக்கம். இரண்டு நாளாக மருதாத்தாளின் தோப்பைச் சல்லடை போட்டும் மாங்கொட்டையைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. "ஏலக்காய் வாசமா? பெட்ரோல் நாத்தந்தானுங்க வந்துது. அந்தப் புள்ள கையெல்லாம் ரத்தமா நின்னு அழுதுக்கிட்டே சிரிச்சுது. கள்ளக் கடத்தல் பண்றவ அப்பிடியா நிப்பா?" என்று மருதாத்தாள் கேட்டாள். நாளை மத்தியானம் போலீஸ் வந்து கத்தரீனாளை அழைத்துப் போகும். அதற்குள் ஏலக்காய் கிடைத்தாக வேண்டும், அல்லது ஏலக்காயே இல்லை என்பது நிரூபணமாக வேண்டும்.

ரேடியேட்டர் குளிர்ந்தது. ஜீப் புறப்பட்டது.

* * *

மேனேஜர் நல்லதம்பியின் ஆபீஸில் எல்லாம் பெரிது. மேஜை பெரிது, மீசை பெரிது, சுவரில் மாட்டியிருந்த போட்டோ இன்னும் பெரிது. போட்டோவில் அவரும் லேபர் ஆபீசரும் மாலையும் கழுத்துமாகக் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அது போன வருஷ சமரம் முடிஞ்ச அன்னைக்கு எடுத்தது, மிஸ்டர் குப்பண்ணன். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, ஈரத்துக்கு, முத்தின இலைக்குன்னு கழிவு பிடிக்கிறாங்கன்னு பெண்கள் வேலை நிறுத்தம் செய்தாங்க. நான் ஒரே கையெழுத்தில் கழிவையே ஒழிச்சுட்டேன். இந்த மலையில் கழிவு பிடிக்காத எஸ்டேட் நம்முது ஒண்ணுதான்."

"பெரிய மனசுங்க" என்றார் குப்பண்ணன்.

"போட்டோவுலயே தெரியுதுங்க" என்றான் சின்னையன்.

மேனேஜர் சின்னையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார். "ஏலக்காய் எங்கே?"

"அதுக்கு முன்னால ஒரு சந்தேகமுங்க. பறக்கறதுக்கு முன்னால ஆளை எடை போடுவீங்களா?"

"போடணும். மெஷினுக்கு ரெண்டு பக்கமும் வெளியே தொட்டில் மாதிரி இருக்கும். ஒண்ணில் நோயாளி. இன்னொண்ணில் அதே எடைக்கு மணல் மூட்டை. பைலட் கண்டிப்பா கேட்பார்."

"அம்மாவுக்குப் பல்லு வலி வந்தப்ப?"

"பங்களா பாத்ரூமில் எடை மெஷின் இருக்கு. லண்டன் சரக்கு. நான் தினம் காலையில் ஏறிப் பார்ப்பேன்."

"நாய்க்கு?"

"அதையும் அங்கேதான். என் மனைவி தூக்கிக்கிட்டு ஏறினாங்க."

"அழகுத்தாய்க்கு?"

மேனேஜர் சிரித்தார். "என்ன கேள்வி இது? அவளை பங்களா பாத்ரூமுக்கா கொண்டு வரமுடியும்? எடைக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கிற கொக்கி இருக்கு. ரைட்டர் சுவக்கீன் ஸ்ட்ரெச்சரோட மாட்டி நிறுத்தார்."

குப்பண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். வெளியே வந்ததும் சின்னையன் கேட்டான்: "ஏனுங்கண்ணா, ஏலக்காயப் பத்திக் கேக்கவே இல்லீங்க?"

"கேட்டேன். அவரு பதிலும் சொன்னாரு."

சின்னையனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க விசிலடித்தான்.

* * *

ஹெலிகாப்டர் எஸ்டேட் கால்பந்து மைதானத்தில் நின்றது. முன்புறம் முழுக்கக் கண்ணாடி, பின்புறம் வெறும் கம்பிச் சட்டம். உட்கார ஒரே ஒரு பெஞ்சு, பக்கவாட்டில் கதவும் கிடையாது. இதில் ஏறிப் பறந்த நாய்க்கு மெடல் கொடுக்க வேண்டும் என்று சின்னையன் நினைத்தான். இரண்டு பக்கத் தொட்டிலில் ஒன்றை கேப்டன் மரியஜோசப் ஸ்பானரால் முடுக்கிக்கொண்டிருந்தார். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். பக்கத்தில் கத்தரீனாள் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு தொட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புடவையின் தோளில் ஒரு ஜோடி இறக்கை தைத்திருந்தது. சேர்மன் வீட்டு அம்மாவின் யோசனை. நாளைக்குப் போலீஸ் பிடித்துப் போகப்போகிறவள் இன்றைக்கும் தொட்டிலைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் சின்னையனுக்கு மனசு என்னவோ செய்தது.

"அழகுத்தாய்க்கு அடியில ஏதாச்சும் வச்சீங்களா?" என்று நேராகவே கேட்டார் குப்பண்ணன்.

"வச்சேன் ஸார். சுடுதண்ணிப் பை வச்சேன், துணி வச்சேன், எங்க அம்மா குடுத்த செபமாலைய வச்சேன். இதுல எது பத்துக் கிலோன்னு நீங்களே சொல்லுங்க."

"சுடுதண்ணிப் பைதானுங்க. அதுலதான் சூடு இருக்குது" என்றான் சின்னையன். கத்தரீனாள் சிரிக்கவில்லை.

"மேல போனா உங்களுக்கு என்ன வேலைங்க?"

"என்னத்தச் சொல்ல ஸார். அந்தச் சத்தத்துல ஸ்டெதாஸ்கோப்பு வெறும் கழுத்துச் சங்கிலிதான். நான் உள்ள, அவ வெளிய. நாடி பாக்கக் கை எட்டாது. அதனால அவ வெரல்ல ஒரு நூல்கயிறக் கட்டி, மறுமுனைய எங்கையில சுத்திக்கிடுவேன். ஒருதரம் இழுத்தா நல்லாருக்கேன்னு அர்த்தம். விடாம இழுத்தா முடியலைன்னு அர்த்தம்."

"இழுத்தாளா?"

"ஏறினதுல இருந்து விடாம இழுத்தா ஸார். நானும் பதிலுக்கு இழுத்துக்கிட்டே வாரேன், இங்கனதான் இருக்கேன்னு. மெஷினு அவ பக்கமாச் சாஞ்சுக்கிட்டே போகுது. கேப்டன் என்னையப் பாத்து, 'பிடியை எதிர்ப்பக்கம் முட்டத் தள்ளிட்டேன், இதுக்கு மேல தள்ள இடமில்லை, நீ அந்தப் பக்கம் போய் வெளியே சாய்'னு கத்துதாரு. அப்ப அவரு மடியத் தாண்டித்தான் போகணும் பாத்துக்கிடுங்க. போனேன். மறுபக்கக் கம்பியில தொங்குனேன். ஆனா கயித்த விட வேண்டியதாப் போச்சு." அவள் பஞ்சைக் கீழே வைத்தாள். "அந்தக் கடைசி நேரத்துல அவ இழுத்தாளா, இழுக்கலையான்னு எனக்குத் தெரியாது. போலீசு கெடக்கட்டும் ஸார், எனக்கு அதான் இன்னும் ஆறல."

சின்னையன் ஹெலிகாப்டரின் கம்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். மேனேஜரின் புகாரில் இதே சம்பவம், 'நர்ஸ் நோயாளியைக் கைவிட்டு, எடை கூடியது தெரிந்தவளாக மறுபக்கம் தாவினாள்' என்று எழுதப்பட்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுதான் பயம் ஸார்" என்றாள் கத்தரீனாள். "ஏலக்காய்தான்னு எழுதி முடிச்சிட்டாகன்னா, நெசமா எது சாய்ச்சுச்சுன்னு யாரும் தேட மாட்டாக. அடுத்து ஏத்துற பொம்பளையும் இப்படித்தான் சாய்வா. அவளுக்குக் கீழ மாந்தோப்பு இருக்கணும்னு கட்டாயமா என்ன?"

குப்பண்ணன் கேப்டன் பக்கம் திரும்பினார். "மணல் மூட்டைங்க யாரு நிறுத்ததுங்க?"

"யாரும் நிறுக்கலை. எங்க கம்பெனி மூட்டைகள். பம்பாயிலேயே நிறுத்து ஈய முத்திரை போட்டு வந்தது. எட்டுக் கிலோ ஸ்ட்ரெச்சரையும் சேர்த்து நோயாளி எத்தனைன்னு சொல்றாங்களோ, அத்தனைக்கு எதிர்ப்பக்கம் அடுக்குவேன்."

"எப்ப சாஞ்சுது?"

"தரையை விட்ட நிமிஷமே. இறக்கலாம்னு பார்த்தேன், கீழே மழை மூடிடுச்சு. வழி தெரிஞ்ச இடம் வடக்குதான்."

"அம்மாவும் நாயும் போனப்ப?"

"ஒரு நூல் சாயலை."

"நாயி நேராப் போயிருக்குது, மனுசி சாஞ்சு போயிருக்குதுங்க" என்றான் சின்னையன். "பாத்ரூம்ல குளிச்சுட்டுப் போனாத்தான் நேராப் போகுமாட்ட இருக்குது."

குப்பண்ணன் சட்டென்று நின்றார். அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "சின்னையா, வாரத்துக்கு ஒருக்கா நீ உன்னை அறியாம உருப்படியாப் பேசிப்போடற."

* * *

எடைக் கொட்டகை என்பது நாலு கால், ஒரு தகரக் கூரை, நடுவில் ஒரு கொக்கி. கொக்கிக்கு மேல் வட்ட முகத் தராசு. சாயங்கால எடைக்குப் பெண்கள் கூடையோடு மழையில் நனைந்தபடி வரிசையில் நின்றார்கள். ரைட்டர் சுவக்கீன் மட்டும் கூரைக்கடியிலும் குடை பிடித்திருந்தார். கண்ணாடியும், காதில் பென்சிலும், எதற்கும் அவசரமே படாத முகமும் கொண்ட மனிதர். ஆனால் வாய்க்கு மட்டும் அவசரம். கூடை கொக்கியில் ஏறியதும் முள் குதிக்கும். குதித்த முள் நிற்பதற்குள் எடையைச் சொல்லிவிடுவார். கூடை இறங்கிவிடும்.

"அழகுத்தாயை நிறுத்தது நீங்கதானுங்களா?" என்றார் குப்பண்ணன்.

"நாந்தான் ஸார். பாவம், நல்ல மழை. கம்பளி தெப்பமா நனைஞ்சு சொட்டுது. ஸ்ட்ரெச்சரோட கொக்கியில மாட்டி, கேப்டன் கேட்டபடி எல்லாஞ் சேத்து உள்ளது உள்ளபடி சொன்னேன். என் சர்வீஸ்ல ஒரு எடை மாத்திச் சொன்னேன்னு யாரும் சொல்ல முடியாது."

சொல்லிக்கொண்டே அடுத்த கூடையின் எடையையும் சொல்லி முடித்தார். கூடைக்காரி குருவம்மாள் காலிக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

"முள்ளப் பாத்தியா?" என்று குப்பண்ணன் காதோடு கேட்டார்.

"இல்லீங்கண்ணா, அந்தம்மா மொகத்தைப் பாத்தனுங்க."

"என்ன இருந்துது?"

"ஒண்ணுமே இல்லீங்க. அதுதான் ஆச்சரியம். எங்கூர்ல மாங்கா நிறுத்தா, தராசுக்காரன் தாத்தன் வரைக்கும் இழுத்து வைவாங்க. இங்க இத்தனை பேர் நிறுத்துட்டுப் போறாங்க, ஒருத்தராச்சும் முள்ளை அண்ணாந்து பாக்கணுமே? பாக்கவே இல்லீங்க."

"பாத்தா மட்டும் மாறப்போகுதான்னு தெரிஞ்சவங்கதான் பாக்கமாட்டாங்க" என்றார் குப்பண்ணன். "வா, மேனேஜரைப் படுக்க வைக்கலாம்."

மேனேஜரைப் படுக்க வைப்பது சின்னையன் பயந்த அளவு கஷ்டமாக இல்லை.

"கண்டுபிடிச்சாச்சுங்க" என்று குப்பண்ணன் ஆபீஸில் அறிவித்தார். "நாளைக்கு மத்தியான எடைக்கு எல்லாரும் கொட்டகைக்கு வருவாங்கல்லங்க? அவங்க முன்னாலயே அன்னைக்கு நடந்ததை நடந்தபடி செஞ்சு காட்டறேன். சரக்கு எங்க இருந்துதுன்னு உங்க வாயாலயே சொல்லுவீங்க. நோயாளியா மட்டும் ஒருத்தர் படுக்கோணும்."

"உங்க அசிஸ்டெண்ட் படுக்கட்டும்."

"எனக்கு மேல போனா வாந்தி வருமுங்க. கீழ நிக்கறவங்களை நெனைச்சுப் பாருங்க" என்றான் சின்னையன்.

குப்பண்ணன் குரலைத் தாழ்த்தினார். "பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு போட்டோக்காரர் ஒருத்தரை வரச் சொல்லியிருக்கறனுங்க. தொழிலாளி படுத்த தொட்டில்ல மேனேஜரே படுத்துப் பறந்தார்ன்னு போட்டா..."

மேனேஜர் மீசையைத் தடவினார். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். அதன் பக்கத்தில் இன்னொன்று மாட்ட இடம் இருந்தது.

"எந்தப் பக்கம் இருந்து எடுப்பார்?" என்று கேட்டார்.

* * *

மறுநாள் மத்தியானம் மழை தூறலாகக் குறைந்திருந்தது. ஹெலிகாப்டரை மைதானத்தில் இருந்து எடைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். கல்யாணப் போட்டோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர் ஒருவர் காமிராவோடு மண்டியிட்டிருந்தார்.

மேனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து ஸ்ட்ரெச்சரில் படுத்தார். கத்தரீனாள் நெஞ்சு, இடுப்பு, முழங்கால் என்று மூன்று இடத்தில் பெல்ட்டை இறுக்கினாள். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் போலீஸ் வரும் என்பது அவளுக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். சின்னையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குப்பண்ணன் கணக்குத் தப்பினால் இந்தப் பெண்ணின் கதி என்ன?

நாலு பேர் தூக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் கொக்கியில் ஏறியது. மேனேஜர் காற்றில் மெல்ல ஆடினார். போட்டோக்காரர் "கொஞ்சம் சிரிங்க" என்றார். மேனேஜர் சிரித்தார். முள் குதித்தது.

"எண்பத்திநாலு!" என்றார் சுவக்கீன்.

"எண்பத்திநாலுக்கு அந்தப் பக்கம் மூட்டை ஏத்துங்க" என்று கேப்டன் ஆட்களிடம் சொன்னார்.

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. "எவ்வளவு?"

"எண்பத்திநாலு தொரை. ஸ்ட்ரெச்சரோட சேத்து."

"ஸ்ட்ரெச்சரோடவா? நான் மட்டுமே எண்பத்தாறு! இன்னைக்குக் காலையில் பாத்ரூமில் பார்த்தேன்!"

"அப்படீங்களா!" குப்பண்ணன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஸ்ட்ரெச்சர் எட்டுக் கிலோவையும் சேத்தா, சொன்ன எடையை விடப் பத்துக் கிலோ கூட இருக்குது. அப்ப தொரைக்கு அடியில ஏலக்காய் இருக்குதுங்க. நர்ஸம்மா, தொரையைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஏலக்காயாவது கத்தரிக்காயாவது!" மேனேஜர் கொக்கியில் ஆடியபடியே கத்தினார். "தராசு சரியாத்தான் இருக்கு. இந்த ஆள் கழிவு பிடிச்சிட்டுச் சொல்றான்!"

வரிசையில் நின்ற பெண்கள் கூடையைக் கீழே இறக்கி வைத்தார்கள்.

"கழிவா?" என்றார் குப்பண்ணன் பணிவாக. "அதைத்தான் போன வருஷமே ஒழிச்சுட்டீங்களே. போட்டோ இருக்குதுங்களே."

"அது... அது பேப்பரில்..." மேனேஜர் வாயை மூடிக்கொள்ளப் பார்த்தார். நேரம் கடந்துவிட்டது.

சுவக்கீன் குடையோடு ஓரடி முன்னால் வந்தார். "தொரை, நீங்கதான சொன்னீக? ஒப்பந்தம் ஒப்பந்தமா இருக்கட்டும், பத்துக்கு ஒண்ணு கழிக்கறத மட்டும் விட்றாதன்னு? முள்ளு ஒண்ணு சொல்லும், என் வாய் ஒண்ணு சொல்லும். பழகிப் போச்சு. கொக்கியில தொங்குறது கொழுந்தா ஆளான்னு வாய்க்கு எங்க தெரியுது?"

"அன்னைக்கு அழகுத்தாய்க்கு?" என்றார் குப்பண்ணன். இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை.

"அன்னைக்கு மழை ஸார். கம்பளி நனைஞ்சிருந்துச்சு. ஈரத்துக்குன்னு இன்னும் கொஞ்சம்..." சுவக்கீன் குடையை மடக்கிவிட்டு, அங்கிருந்த கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நெனைச்சுச் செய்யல ஸார். சத்தியமா நெனைச்சே செய்யல."

வலியில் துடித்தவளை மழையில் கொக்கியில் தொங்கவிட்டு, ஈர இலைக்குக் கழிப்பதுபோல அவளுக்கும் கழித்திருக்கிறார்கள். அந்தக் கழிவின் அளவுக்கு எதிர்ப்பக்கம் மணல் குறைந்திருக்கிறது. மலைக்கு மேலே அவள் விடாமல் கயிறு இழுத்தாளாம். சின்னையனுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"கடத்தல் சரக்கு பத்துக் கிலோ, இதுதானுங்க" என்று குப்பண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "பங்களா மெஷின்ல ஏறினவங்களுக்கு முழு எடை. நேராப் போனாங்க. கொக்கியில ஏறினவளுக்குக் கழிவு. சாஞ்சு போனா. ஏலக்காய் கெடைக்காதது என்ற தப்பில்லீங்க, இல்லாததை எங்க தேடினாலும் ஒண்ணுதான்."

கேப்டன் மரியஜோசப் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எண்பத்திநாலுக்கு மணல் வெச்சாச்சு. ரைட்டர் சொன்ன எடைதான் எனக்குக் கணக்கு. பறக்கலாமா ஸார்?"

மேனேஜர் ஹெலிகாப்டரைப் பார்த்தார். அதற்குப் பின்னால் மலை இறங்கிப் போகும் பள்ளத்தைப் பார்த்தார். அதன் அடி தெரியவில்லை.

"வேண்டாம்! கழிவு பிடிக்காதே! முழு எடை போடு!" அவர் குரல் எதிர் மலையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் வரை போயிற்று. "ஒரு கிலோ கூடக் குறைக்காதே சுவக்கீன், முழு எடையைச் சொல்லு!"

போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து அமுக்கினார்.

"நர்ஸம்மா மேல குடுத்த புகாருங்க?" என்றார் குப்பண்ணன்.

"இல்லை. ஒண்ணும் இல்லை. போலீஸுக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க."

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க."

"கத்தரீனாள் மேல ஒரு தப்பும் இல்லை! என்னைக் கீழே இறக்குங்க!"

இறக்கினார்கள். ஸ்ட்ரெச்சர் கொட்டகை ஓரமாகத் தரைக்கு வந்தது. ஆனால் கொக்கி காலியாக இருக்கவில்லை. குருவம்மாள் முன்னால் வந்து தன் கூடையை அதில் மாட்டினாள். சுவக்கீனைப் பார்த்தாள்.

"தொரை சொன்னதக் கேட்டீகள்ல ரைட்டரய்யா? போடுங்க."

சுவக்கீன் எழுந்தார். முள் குதித்தது, ஆடியது. அவர் வாய் திறந்து மூடிக்கொண்டது. முள் ஆடி அடங்கி நிற்கும் வரை அவர் காத்திருந்தார், பெண்கள் எல்லாரும் அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முள் எங்கே நின்றதோ அதைச் சொன்னார். குருவம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழைத் தண்ணீரா வேறென்னவா என்று சின்னையனுக்குத் தெரியவில்லை. அடுத்த கூடை ஏறியது.

"ஏய், பெல்ட்டை அவிழு" என்றார் மேனேஜர் கீழே இருந்து.

கத்தரீனாள் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் நிதானமாக நாடி பார்த்தாள்.

"ரொம்ப வேகமா அடிக்கி தொரை. இப்ப நோயாளி அசையக்கூடாது" என்று சொல்லி, கம்பளியை இழுத்து அவர் கழுத்து வரை மூடினாள். "வரிசை முடியட்டும்."

வரிசை கொட்டகையைத் தாண்டி, ஹெலிகாப்டரைச் சுற்றிக்கொண்டு, லயத்து முனை வரைக்கும் நீண்டிருந்தது.